மூக்குக்காரரும் பனிக்காலத்துப் பூவும்

சோப்புக் கம்பெனியில் மோந்து பார்ப்பதற்கென்றே ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்றால் சிலர் நம்ப மாட்டார்கள். கொடுக்கிறார்கள். நம் ஆள் இருபத்திரண்டு வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் பீப்பாய் வந்து இறங்கினால் முதலில் அவர் மோந்து பார்க்க வேண்டும். சோப்புக் குழம்பு ஆறியதும் அவர், கட்டி காய்ந்ததும் அவர். அவர் தலையை ஆட்டினால்தான் சரக்கு அட்டைப்பெட்டிக்குள் போகும். கம்பெனியில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்குக்காரர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. குளிர்காலத்தில் காதை விட்டுவிட்டு மூக்குக்கு மஃப்ளர் சுற்றுகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவர் சுற்றுவார்.

அந்த மூக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலோடு போய்ச் சேர்ந்துவிட்டது. காய்ச்சல் விட்டது, சளி விட்டது, மூச்சு தங்குதடையில்லாமல் போய் வந்தது. வாசனை மட்டும் வரவில்லை. காலையில் குடித்த காபி வெறும் வெந்நீராக இறங்கியது. வெங்காயத்தை நறுக்கி மோந்தார், ஒன்றும் இல்லை. ஃபினாயிலைத் திறந்து மோந்தார், ஒன்றும் இல்லை. கடைசியில் வாசலில் கிடந்த பழைய ஷூவுக்குள் முகத்தை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டார். கட்டிய மனைவியிடம் இதற்கு மேல் என்னத்தை மறைப்பது? உண்மையைச் சொன்னார்.

டாக்டரிடம் போகலாம் என்றார் அந்த அம்மா. முடியாது என்றார் இவர். ஏன் முடியாது என்றால் அதற்கு நூறு சாக்கு: கம்பெனிக்குத் தெரிந்துவிடும், லீவு கிடையாது, இந்த டாக்டர்களுக்கு என்ன தெரியும். எல்லாம் சும்மா. அவருக்குப் பயம், அவ்வளவுதான். டாக்டர் வாயைத் திறந்து 'இனிமேல் வராது' என்று சொல்லிவிட்டால்? சொல்லாத வரைக்கும் அது வரத் தாமதமாகிற மூக்கு. சொல்லிவிட்டால் செத்த மூக்கு.

அப்புறம் வேலைக்கு என்ன செய்தார் என்று கேட்பீர்கள். வீட்டுக்காரம்மாவுக்குத் தெருமுனையில் இருக்கும் டிரை கிளீனிங் கடையில் வேலை. பதினைந்து வருஷமாகக் கவுண்டரில் நின்று ஊரார் கோட்டையும் போர்வையையும் வாங்கிப் போடுகிறவர். எந்தச் சட்டையில் என்ன கறை, எத்தனை நாள் ஆயிற்று என்பதை மடிப்பைப் பிரிக்காமலே சொல்லிவிடுவார். மூக்குக்காரர் கம்பெனியிலிருந்து சாம்பிளில் தோய்த்த காகிதக் கீற்றுகளைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு வருவார். அந்த அம்மா சமையலறையில் நின்றபடி ஒவ்வொன்றாக மோந்து சொல்வார், இவர் எழுதிக்கொள்வார். "இது யாரோ கோட்டுப் பையில மிட்டாயை வச்சு மறந்துபோன மாதிரி இருக்கு" என்று அவர் சொன்னால், இவர் மறுநாள் ரிப்போர்ட்டில் 'இனிப்பு முன்னே நிற்கிறது, பின்னால் பழைய கம்பளியின் சாயல்' என்று எழுதுவார். ஒருமுறை, "ஈரத் துண்டைக் காயாம மடிச்சு வச்ச நாத்தம்" என்று அந்த அம்மா ஒரு கீற்றைத் தூக்கி எறிந்தார். இவர் அந்த எண்ணெயை நிறுத்தச் சொல்லி எழுதினார். சோதித்துப் பார்த்தால் பீப்பாய் முழுக்கக் கெட்டுப்போயிருந்தது. கம்பெனியே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை.

வேடிக்கை என்னவென்றால், முதலாளியம்மாவுக்கு இந்த மூன்று மாத ரிப்போர்ட்டுகள் மிகவும் பிடித்துவிட்டன. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி உயிரோடு நீங்கள் எழுதியதே இல்லை என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். மூக்குக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் பொதுவாகத் தும்மிவைத்தார்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செடி வந்து குறுக்கே விழுந்தது.

முதலாளியம்மா போன கோடையில் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீடு வாங்கியிருந்தார். அதற்குப் பின்னால் சின்னத் தோட்டம். பனிக்காலம் வந்து மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போது, தோட்டத்துக் கதவைத் திறந்தால் ஆளை அடிக்கிற மாதிரி ஒரு வாசனை. சுற்றிப் பார்த்தார். சுவரோரமாக, இலையே இல்லாத பச்சைக் குச்சிகளில் சரம் சரமாக மஞ்சள் பூ. கைபேசியில் படம் எடுத்துக் காட்டினால், மல்லிகை வகை என்று அது சொல்லிவிட்டது. மல்லிகை என்று சொன்ன பிறகு வேறு யோசனை வருமா? ஆனால் கம்பெனியில் இருந்த மல்லிகை எண்ணெய் எதுவும் அந்த வாசனைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இது என்ன மல்லிகை, இதில் என்னென்ன வாசனை கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்து அப்படியே ஒரு சோப்புப் போட வேண்டும். வசந்தத்தில் கண்காட்சி. முதலாளியம்மாவுக்கு ஒன்று பிடித்துவிட்டால் பிடித்ததுதான்.

மூக்குக்காரரையும் கம்பெனிக் கெமிஸ்ட்டையும் கையோடு தோட்டத்துக்கு அழைத்துப் போனார். கதவு திறந்ததும் முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டு "ஆஹா" என்றார். கெமிஸ்ட் "ஆஹா" என்றார். மூக்குக்காரரும் "ஆஹா" என்றார், அரை நொடி தாமதமாக. உள்ளே போனது ஐஸ் மாதிரி குளிர்ந்த காற்று மட்டும்தான்.

தேன் என்றார் முதலாளியம்மா. தேனோடு எலுமிச்சை என்றார் கெமிஸ்ட். இருவரும் மஞ்சள் பூவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தார்கள். கிட்டே போனால் ஒன்றும் தெரியவில்லை, தள்ளி நின்றால் மணக்கிறது. பாருங்கள், படித்தவர்கள் இதற்கு என்ன முடிவு கட்டினார்கள் தெரியுமா? இது கூச்ச சுபாவமுள்ள பூவாம். கிட்டே போனால் மணக்காதாம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பிறகு தீர்ப்புக்காக மூக்குக்காரரைப் பார்த்தார்கள். இது அவசரப்பட்டுச் சொல்கிற வாசனை இல்லை என்றார் அவர். அந்தப் பதில் நல்ல பதில்தான், ஆனால் ஒருமுறைதான் சொல்ல முடியும்.

முதலாளியம்மா கெடு வைத்தார். பெரிய வாசனைத் திரவியக் கம்பெனியில் இருந்த ஒரு நிபுணர் வேலை மாற நினைக்கிறாராம். அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாராம். அதற்குள் நாமே கண்டுபிடித்துவிட்டால் அவர் எதற்கு என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மூக்குக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒரு கம்பெனிக்கு எத்தனை மூக்கு வேண்டும்? ஒன்று.

கெமிஸ்ட் அவர் வழியில் போனார். மூன்று கிலோ மஞ்சள் பூக் குச்சியை வெட்டிவந்து ஆவியில் காய்ச்சி வடித்தார். லேப் முழுக்க வெந்த கீரை நாற்றம் என்று மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மூக்குக்காரர் மட்டும் அசையாமல் நின்றார். என்ன பொறுமை பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள். சூடு அதிகமாகிவிட்டது என்று கெமிஸ்ட் அடுப்பைத் திட்டினார்.

மூக்குக்காரரும் தன் வழியில் போனார். ஒரு கொத்துப் பூவை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். வீட்டுக்காரம்மா மோந்தார். திருப்பி மோந்தார். "ஒண்ணுமே இல்லையேங்க. வெறும் தழை வாசனைதான்" என்றார்.

மூக்குக்காரருக்குத் தலையில் இடி விழுந்தது. போச்சு, இவளுக்கும் போய்விட்டது, நம்மிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று பதறினார். உட்காரவைத்துக் கண்ணைக் கட்டினார். காபிப் பொடியை நீட்டினார், அந்த அம்மா சரியாகச் சொன்னார். மண்ணெண்ணெயை நீட்டினார், அதையும் சொன்னார். ஒரு முட்டையை நீட்டினார். போன வாரத்து முட்டை, இதை வீட்டில் வைத்துக்கொண்டு ஏன் புதுசு வாங்கி வந்தீர்கள் என்று அந்த அம்மா கட்டை அவிழ்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தார். மூக்கு சுத்தமாக வேலை செய்தது. அப்படியானால் பூவுக்குத்தான் வாசனை இல்லை.

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஊரே மணக்கிறது என்கிறது, பூவில் வாசனை இல்லை என்கிறாள் இவள். கம்பெனியில் இருக்கும் மூக்கையெல்லாம் ஒரு தட்டில் வைத்து இவள் மூக்கை மறுதட்டில் வைத்தால், அவர் இவள் பக்கம்தான். அப்படியென்றால் மணக்கிறது வேறு ஏதோ ஒன்று. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுக்காரம்மாவைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போக ஒரு சாக்கும் இல்லை. இவரிடமோ மூக்கும் இல்லை. மிச்சம் இருப்பது இரண்டு கண். அதிலும் ஒன்றுக்குக் கண்ணாடி நம்பர் ஏறியிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம், ஒரு வாரப் பனிக்குப் பிறகு வெயில் அடித்தது. முதலாளியம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, தோட்டத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, மஞ்சள் பூவுக்கு எதிரில் உட்கார்ந்தார். மூக்குக்காரர் தியானம் பண்ணுகிறார் என்று கம்பெனியில் பேச்சு. தியானமாவது ஒன்றாவது. மனிதருக்கு விரல் விறைத்துப்போய், நாளைக்கு வருகிறவனுக்கு எத்தனை வயசு இருக்கும் என்ற கவலை.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு தேனீ வந்தது. இந்தக் குளிரில் உனக்கென்ன வேலை என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அது அத்தனை மஞ்சள் பூவையும் தாண்டி, ஒன்றில்கூட உட்காராமல், நேராகக் கீழே இறங்கிப்போனது. பின்னாலேயே இன்னொன்று. அதுவும் அப்படியே. மூன்றாவது வந்தபோது மூக்குக்காரர் நாற்காலியை விட்டு இறங்கி, ஐம்பத்து நாலு வயதில், நாலு காலில் தவழ்ந்து போனார்.

மஞ்சள் பூச் செடியின் காலடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு புதர். கரும்பச்சையாக, பளபளவென்று சின்னச் சின்ன இலை. யாரும் அதை ஒரு செடியாகவே மதிக்கவில்லை. கெமிஸ்ட் வரும்போதெல்லாம் அதன் மேல்தான் பையை வைப்பார். இலையை விலக்கிப் பார்த்தார் மூக்குக்காரர். உள்ளே, காம்பை ஒட்டி, இதழே இல்லாமல், யாரோ வெள்ளை நூலைக் கத்தரித்துச் சொருகியது போல நாலைந்து இழை. அதுதான் பூ. பக்கத்திலேயே போன வருஷத்துக் கறுப்புப் பழம் இரண்டு. தேனீ மூன்றும் அதில்தான் மொய்த்துக்கொண்டிருந்தன. பழக்க தோஷத்தில் குனிந்து ஆழமாக மூச்சை இழுத்தார். ஒன்றும் இல்லை. ஊரே சொக்கிப்போகிற வாசனைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வெறும் குளிரை இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மாவும் கெமிஸ்ட்டும் வந்தார்கள். நாளைக்கு வரும் நிபுணருக்கு எந்த அறை கொடுப்பது என்பது அவர்கள் பேச்சு.

"மேடம், இதை மோந்து பாருங்க" என்றார் மூக்குக்காரர், தரையிலிருந்தபடியே.

முதலாளியம்மா விலையுயர்ந்த கோட்டோடு ஈர மண்ணில் மண்டியிட்டார். குனிந்தவர் நிமிரவில்லை. கெமிஸ்ட் பையைப் போட்டுவிட்டுக் குனிந்தார், அவரும் நிமிரவில்லை. பத்து நாளாக இதன் தலையில் பையை வைத்துக்கொண்டா தேடினோம் என்று கெமிஸ்ட்டுக்கு முகம் சுண்டிப்போனது. கைபேசியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். சார்கோகோக்கா என்றது. மூவரும் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள். இதைச் சோப்பு உறையில் அச்சடித்தால் சனங்கள் இருமல் மருந்து என்று நினைத்துக் குடித்துவிடுவார்கள் என்றார் முதலாளியம்மா. ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு ஆரம்பித்தார்கள் பாராட்ட. என்ன மூக்கு என்றார் முதலாளியம்மா. மூக்கு என்றால் இதுவல்லவா மூக்கு என்றார் கெமிஸ்ட். மேலே அத்தனை பூ இருக்க, கீழே மறைந்து கிடந்ததைப் பிடித்ததே அந்த மூக்கு என்றார்கள். நிபுணரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக முதலாளியம்மா அங்கேயே கைபேசியைக் கையில் எடுத்தார். வேலை தப்பியது. மனிதர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் அவருக்குப் பொறுக்கவில்லை. குளிரில் விறைத்து, கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்து, யோசித்துக் கண்டுபிடித்தவர் இவர். பேர் வாங்கிக்கொண்டு போவது, ஒரு துரும்பையும் கிள்ளிப்போடாத அந்தச் செத்த மூக்கா? இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக மூளையால் ஒரு காரியம் செய்திருக்கிறார், அதற்கும் மூக்குக்கா மாலை? நான்காவது தடவை கெமிஸ்ட் "மூக்கு" என்றதும் மூக்குக்காரருக்கு வந்ததே கோபம்.

"மூக்கு மூக்குன்னு சொல்லாதீங்க! நான் கண்ணாலதான் கண்டுபிடிச்சேன். மூணு மாசமா எனக்கு ஒரு வாசனையும் தெரியாது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முதலாளியம்மா கைபேசியைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அப்படியானால் அந்த ரிப்போர்ட்டெல்லாம் யார் எழுதியது, என் சோப்பை மூன்று மாதமாக யார் மோந்தது என்று கேட்டார். மூக்குக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளதைச் சொன்னார். அந்த அம்மாவை உடனே வரச்சொல்லுங்கள் என்றார் முதலாளியம்மா.

வீட்டுக்காரம்மா கடையிலிருந்து அப்படியே வந்தார், முந்தானையில் குத்திய துணிச் சீட்டுகளோடு. விஷயம் வெளியே வந்துவிட்டது என்று கணவர் நிற்கிற நிலையிலேயே புரிந்துகொண்டார். முதலாளியம்மா கோட்டுப் பையிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்து நீட்டினார். அந்த அம்மா வாங்கி ஒருமுறை மோந்தார். உங்கள் கம்பெனிச் சோப்புதான், ஆனால் ஒரு மாதமாகப் பையில் கிடக்கிறது, பக்கத்தில் புதினா மிட்டாய் இருந்திருக்கிறது, அந்தக் கோட்டை ஒருமுறை கடைக்கு அனுப்பினால் நல்லது என்றார். முதலாளியம்மா பைக்குள் கையை விட்டார். நசுங்கிய புதினா மிட்டாய் ஒன்று வந்தது. அதற்கு மேல் அவரால் கோபமாக இருக்க முடியவில்லை.

சரி, இந்தச் செடி எப்படி மணக்கிறது, உங்கள் பாணியிலேயே சொல்லுங்கள் என்று நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார். வீட்டுக்காரம்மா உட்கார்ந்து, இலையை விலக்கி, மெதுவாக மோந்தார். எந்தக் கீற்றையும் இவ்வளவு நேரம் அவர் மோந்ததில்லை. எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"சொல்ல மாட்டேன்" என்றார்.

முதலாளியம்மா ஏதோ கேட்க வாயெடுத்தார். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார்.

"காபி எப்படி இருக்குன்னு நான் சொல்றேன். சாப்பாடு எப்படி இருக்குன்னு நான் சொல்றேன். நான் சொல்லச் சொல்ல உங்களுக்கு அது போதும்னு ஆயிடுச்சு. டாக்டர்கிட்ட போகாமலே காலத்த ஓட்டிடலாம்னு பாக்குறீங்க. இதையும் நான் சொன்னா, எழுதிக்கிட்டுப் பேசாம வீட்டுக்கு வந்துடுவீங்க. இத மட்டும் நான் சொல்ல மாட்டேங்க."

மூக்குக்காரர் அந்தப் புதரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சினார். விவரமெல்லாம் வேண்டாம், நன்றாக இருக்கிறதா, அதை மட்டுமாவது சொல் என்றார்.

"ரொம்ப" என்றார் அந்த அம்மா.

முதலாளியம்மா பேனாவை மூடினார். நோட்டில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும், பூ இன்னும் மூன்று வாரம் தாங்கும் என்றார். வேலையைப் பற்றி டாக்டர் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பேசலாம், அதுவரைக்கும் ரிப்போர்ட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், புரிகிறதா என்று அதட்டினார். நிபுணருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லக் கொஞ்சம் தள்ளிப் போனார்.

காது மூக்கு டாக்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பார் என்று மூக்குக்காரர் கெமிஸ்ட்டைக் கேட்டார். ஆறு மணி வரைக்கும் என்றார் கெமிஸ்ட். அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை. மூக்குக்காரர் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார், ஏற்கெனவே தட்டியதைத் திரும்பவும் தட்டினார். பிறகு வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் அந்த அம்மா. "வாங்க, போகலாம்."